கறுப்புக் கொடியும் கல்லறைச் சுவரும்

ஆண்டுதோறும் ஆகஸ்டு 10-ஆம் நாள் நம் திருச்சபைகளில் கறுப்பு நாளாக அனுசரிக்கப்படுகிறது. நவம்பர்த் திங்களின் இரண்டாம் ஞாயிறு தலித் விடுதலை ஞாயிறாகக் கொண்டாடப்படுகிறது. இவ்விரு நாட்களையும் ஒட்டி ஊர்வலம், உண்ணாநோன்பு, கூட்டு வழிபாடு, வீதி நாடகம், பறையாட்டம், சமபந்தி எனப் பல நிகழ்ச்சிகள் சேகரங்களில் நடைபெறுகின்றன. இவற்றை நடத்துமாறு ஆயர்களை ஊக்குவிக்கும் கட்டுரைகளை நாம் நிறையப் படித்திருக்கிறோம். சிலவற்றை நாமே எழுதியும் இருக்கிறோம். ஆனால் ஒரு நூலைக் கையிலெடுத்து மதிப்பிடுவதுபோல் இந்நிகழ்ச்சிகளை மதிப்பிட்டுப் பார்த்தவர்கள் நம்மில் குறைவு. நிகழ்ச்சி என்பதும் ஒரு பனுவலே. அதனை இயற்றியவர் உண்டு; கேட்போர் உண்டு; அது சொல்வதும் உண்டு, சொல்லாமல் விடுவதும் உண்டு. நூலுக்குத் திறனாய்வு தேவை என்றால், ஒரு சபை தன் உடலாலும் குரலாலும் ஆண்டுக்கு இருமுறை எழுதும் இப்பனுவலுக்கு அது தேவையில்லை என்று எவ்வாறு கூறுவது?

இருபது ஆண்டுகளுக்கு மேலாக இத்தகைய நிகழ்ச்சிகளை ஒழுங்கு செய்தவர் என்ற முறையில், இங்கு நாம் கூறும் குறைகளில் பெரும்பகுதி நம்முடையவையே என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம்.

கறுப்பு நாளின் வரலாறு வாசகர் அறிந்ததே. எனினும் மாணவர் பொருட்டுச் சுருங்கக் கூறுவோம். அரசியலமைப்புச் சட்டத்தின் 341-ஆம் பிரிவின்கீழ்க் குடியரசுத் தலைவர் 1950 ஆகஸ்டு 10 அன்று பிறப்பித்த ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து சமயத்தைத் தவிர வேறு சமயத்தைப் பின்பற்றும் எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படார் என்று வரையறுத்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் இவ்வரையறைக்குள் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் வெளியே நிறுத்தப்பட்டனர். இம்மூன்றாம் பத்தியை நீக்கிவிடலாம் என்று நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் பரிந்துரைத்தது. 2004-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட வழக்கு இருபது ஆண்டுகளைக் கடந்து நீண்டது. 2022 அக்டோபரில் நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம், கிறிஸ்தவரான ஆதிதிராவிடருக்கும் இவ்வுரிமையை வழங்குமாறு ஒன்றிய அரசை வலியுறுத்தித் தீர்மானம் நிறைவேற்றியது. கோரிக்கை நியாயமானது என்பதில் நமக்கு ஐயம் எதுவும் இல்லை. ஞானஸ்நானத் தண்ணீர் ஒருவனுடைய ஊர்த் தெருவை மாற்றிவிடுவதில்லை. அவன் வயலில் பெறும் கூலியையும் மாற்றிவிடுவதில்லை. சமயம் மாறியமையால் உரிமை பறிபோகிறது என்றால் அது மனச்சான்றின் சுதந்தரத்திற்கு விதிக்கப்படும் தண்டமே ஆகும்.

நாம் ஆராயப் புகுவது கோரிக்கையை அன்று; அதனைக் கோரும் முறையையே.

இங்கு 1985-ஆம் ஆண்டின் ஒரு தீர்ப்பை நினைவுகூர வேண்டும். சென்னையின் தெருவோரத்தில் செருப்புத் தைத்துப் பிழைத்துவந்த சூசை என்பவர் தொடுத்த வழக்கு அது. பட்டியல் சாதியைச் சேர்ந்த தொழிலாளருக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை வழங்கியது. அதே தெருவில் அதே தொழிலைச் செய்த சூசைக்கு, அவர் கிறிஸ்தவர் என்பதால், அது மறுக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளுபடி செய்தது. அதற்குக் கூறிய காரணம் நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. சாதியினால் வரும் இழிவும் இன்னலும் மதம் மாறிய பின்னரும், புதிய சமயத்தின் சூழலிலும், அதே கடுமையோடு தொடர்கின்றன என்று காட்டப்பட வேண்டும். அதற்குப் போதிய சான்று தம்முன் வைக்கப்படவில்லை என்று நீதிமன்றம் கூறியது.

அதன் பொருள் யாது? நீதிமன்றம் கேட்ட சான்று வேறெங்கும் இல்லை; நம்மிடமே இருக்கிறது. தனித்தனியான கல்லறைகளே சான்று. ஒரே ஊரில் ஒரே மண்டலத்தின்கீழ் இரண்டு ஆலயங்கள் இருப்பதே சான்று. திருமண விளம்பரத்தில் 'கிறிஸ்தவ' என்ற சொல்லை அடுத்து வரும் சொல்லே சான்று. பேராயர் தேர்தலின்போது திரளும் அணிகளே சான்று. உரிமை கோரி டில்லிக்கு மனு எழுதும் திருச்சபை, தன் பாவத்தையே தன் மனுவுக்குப் பின்னிணைப்பாக வைக்க வேண்டிய நிலையில் இருக்கிறது. ஆகவே கறுப்பு நாள் ஊர்வலம், அதன் உள்ளியல்பில், ஒரு பாவ அறிக்கையே ஆகும். அதனை நாம் பாவ அறிக்கையாக நடத்துவதில்லை. பாதிக்கப்பட்ட ஒருவர் அயலார்மீது தொடுக்கும் குற்றச்சாட்டாகவே நடத்துகிறோம். ஊர்வலத்தின் முகம் எப்போதும் டில்லியை நோக்கியே இருக்கிறது.

நம் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறுவோம். தென் மாவட்டம் ஒன்றில் நாம் ஊழியம் செய்த சேகரத்தில், ஆலயத்தில் தொடங்கித் தாலுகா அலுவலகம் வரை ஊர்வலம் செல்வது வழக்கம். கறுப்புப் பட்டை அணிந்து, கொடி பிடித்து, முழக்கமிட்டுச் செல்வோம். வழியில் சபையின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதன் நடுவே இடுப்பளவு உயரத்தில் ஒரு சுவர். சுவருக்கு இப்பால் சிலுவை நட்ட பளிங்குக் கல்லறைகள், அப்பால் மண்மேடுகள். இரு புறத்திலும் கிடப்போர் ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணியவர்கள். ஒரே ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் உடையவர்கள். நம் ஊர்வலம் அச்சுவரை ஒட்டியே சென்றது, மூன்று ஆண்டுகள். மூன்றாம் ஆண்டில், ஊர்வலத்தில் நடந்துவந்த வயதான அம்மா ஒருவர், சுவரண்டையில் சற்று நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, நம்மைப் பார்த்து, "ஐயரே, டில்லிக்கு எழுதுத மனுவுல ஒரு தாள இந்தச் சுவருக்கும் எழுதுனா என்ன?" என்று கேட்டார்கள். முதலில் உரிமை கிடைக்கட்டும், பிறகு இதைப் பார்த்துக்கொள்வோம் என்று நாம் மறுமொழி கூறினோம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு அவர்களுடைய அடக்க ஆராதனையை நாமே நடத்தினோம், சுவரின் அப்புறத்தில். நமக்கு மாற்றல் உத்தரவு வந்தபோதும் சுவர் நின்றுகொண்டிருந்தது.

சுவரை இடிக்க நமக்கு அதிகாரம் இல்லாதிருந்தது என்பது உண்மையே. சேகரக் கமிட்டியில் அதனை ஒரு பொருளாக வைக்க நமக்கு அதிகாரம் இருந்தது. வைக்கவில்லை. வைத்திருந்தால் ஊர்வலத்திற்கு வேன் ஏற்பாடு செய்தவர்களும் நன்கொடை தந்தவர்களும் பின்வாங்கியிருப்பார்கள் என்று அஞ்சினோம். அதாவது, சுவரைப் பற்றிப் பேசாதிருப்பதே ஊர்வலம் நடப்பதற்கு நாம் செலுத்திய விலையாயிற்று. இப்படி விலை கொடுத்து வாங்கப்பட்ட நிகழ்ச்சிகள் எத்தனை என்று ஒவ்வோர் ஆயரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளட்டும்.

இனி வழிபாட்டு முறைமைகளை நோக்குவோம். தலித் விடுதலை ஞாயிற்றுக்கென அச்சிட்டு அனுப்பப்படும் முறைமைகள் பல நம் கைக்கு வந்துள்ளன. அவற்றில் சில மொழி நயம் உடையவை. சில ஆங்கிலத்திலிருந்து அவசரமாக ஆக்கப்பட்டவை. நாம் கண்டவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பொதுவான ஒரு குறை, பாவ அறிக்கையில் வரும் 'நாங்கள்' என்னும் சொல். நாங்கள் ஒடுக்கினோம், நாங்கள் ஒதுக்கினோம் என்று சபை முழுவதும் ஒரே குரலில் அறிக்கையிடுகிறது. நிலமுடைய மூப்பரும், அவர் வயலில் களையெடுக்கும் பெண்ணும், ஒரே வாக்கியத்தை ஒரே நேரத்தில் வாசிக்கிறார்கள். அப்பெண் யாரை ஒடுக்கினாள்? அவள் வாயில் அவ்வறிக்கை பொய்யாகிறது. மூப்பரின் வாயில் அது மெய்யே. ஆனால் அனைவரும் சேர்ந்து கூறுவதால் அது எவருக்கும் சுடுவதில்லை. பன்மைச் சொல் ஒரு போர்வையாகிவிடுகிறது. (இக்கட்டுரையில் 'நாம்' என்றே எழுதிவரும் நாமும் அப்போர்வைக்குள் ஓரளவு ஒளிந்துகொண்டுதான் இருக்கிறோம் என்று வாசகர் கூறினால் மறுப்பதற்கில்லை.) திருமறையில் சகேயு இவ்வாறு அறிக்கையிடவில்லை. யாரிடமாவது அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலத்தனையாய்த் திரும்பக் கொடுப்பதாகத் தன் பெயரிலேயே, தொகையோடு சொன்னான் (லூக்கா 19).

திருமறைப் பாடத் தேர்விலும் இதே நழுவல் தென்படுகிறது. யாத்திராகமம் 3-ஆம் அதிகாரம் வாசிக்கப்படுகிறது. லூக்கா 4 வாசிக்கப்படுகிறது. இரண்டும் தக்க பாடங்களே. ஆனால் இவற்றில் பார்வோன் எப்போதும் வெளியே இருக்கிறான். கலாத்தியர் 2-ஆம் அதிகாரம் வாசிக்கப்பட்டதை நாம் மிக அரிதாகவே கேட்டிருக்கிறோம். அங்கே ஒடுக்குபவன் பார்வோன் அல்லன், பேதுரு. யூதரல்லாதாரோடு அந்தியோகியாவில் உண்டுவந்த அவன், எருசலேமிலிருந்து சிலர் வந்தவுடனே பந்தியைவிட்டு விலகிக்கொண்டான். பவுல் அவனை முகமுகமாய் எதிர்த்தான். நம் சூழலுக்கு இதைவிட நெருக்கமான பகுதி புதிய ஏற்பாட்டில் இல்லை என்றே நாம் எண்ணுகிறோம். உறவினர் ஊரிலிருந்து வரும்வரை ஒன்றாக உண்பதும், வந்தபின் விலகிக்கொள்வதும் நம் சபையார் அறியாத செய்தியா?

கலை நிகழ்ச்சிகளைப் பற்றிச் சிறிது கூறுவோம். பறை ஆலயத்திற்குள் வந்தது நம் காலத்தின் பெரிய மாறுதல்களுள் ஒன்று. அதற்கு இறையியல் அடிப்படை அமைத்தவர்களுள் முதன்மையானவர், அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்த தியோப்பிலஸ் அப்பாவு (1940–2005). மாணவர் அவரைப் 'பரட்டை அண்ணன்' என்றே அழைத்தனர். அவருடைய கிராமிய இசை வழிபாடு, கர்நாடக இசையையும் மேல்நாட்டு ராகங்களையும் மட்டுமே வழிபாட்டுக்குரியவை என்று கருதிவந்த நம் பழக்கத்தைக் கேள்விக்கு உட்படுத்தியது. பறையை இழிவின் சின்னமென்று கைவிட வேண்டும் என்பாரும், அதனையே விடுதலைக் கருவியாக்க வேண்டும் என்பாரும் ஒடுக்கப்பட்ட மக்களுள்ளேயே உண்டு. அவ்விவாதத்தில் தீர்ப்புக் கூறும் உரிமை நமக்கு இல்லை. ஆனால் நம் மேடைகளில் நடப்பதைப் பற்றிக் கூறலாம். நவம்பர் ஞாயிறன்று பறை முழங்குகிறது. அடுத்த ஞாயிறு அது மறைந்து மீண்டும் கீபோர்டு ஒலிக்கிறது. ஓரிடத்தில் பக்கத்து ஊரிலிருந்து வரவழைக்கப்பட்ட பறைக் குழுவினர்க்கு ஆட்டம் முடிந்தபின் மேடையின் பின்புறத்தில் தனியே உணவு கொடுக்கப்பட்டதை நாம் பார்த்தோம். "அவர்களுக்கு அங்கேதான் வசதி" என்றார் பொறுப்பாளர். சாவு வீட்டில் வாசலுக்கு வெளியே நின்று அடித்தவர்கள், இங்கே மேடைமேல் ஏறி அடித்துவிட்டு, உணவுக்கு மீண்டும் வெளியே சென்றனர்.

இது நம்மைப் பந்தியினிடத்தில் கொண்டுவந்து சேர்க்கிறது. இந்நிகழ்ச்சிகள் அனைத்திலும் பொருட்செறிவு உடையது உணவே என்பது நம் கருத்து. அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. தமிழ்நாட்டுச் சீர்திருத்தத் திருச்சபையின் சாதிப் பூசல் தொடக்கமுதலே இருக்கையையும் பாத்திரத்தையும் உணவையும் சுற்றியே நடந்தது. தரங்கம்பாடிச் சபைகளில் இருக்கை பிரிந்திருந்தது. 1829-இல் தஞ்சைச் சபையில் புதிய மிஷனரிமார் பழைய ஒழுங்கைக் கலைக்க முற்பட்டபோது வேதநாயகம் சாஸ்திரியார் அதனை எதிர்த்து எழுதினார். நாம் போற்றிப் பாடும் கீர்த்தனைகளின் ஆசிரியரே இவ்விவாதத்தில் மறுபுறம் நின்றார் என்பதை மாணவர்க்கு நாம் பெரும்பாலும் சொல்லுவதில்லை, சொல்ல வேண்டும். 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் சாதி வேற்றுமை திருச்சபையில் முற்றிலும் நீக்கப்பட வேண்டுமென்று சுற்றறிக்கை விடுத்தார். 1850-இல் சென்னை மிஷனரி மாநாடு இன்னும் ஒரு படி சென்றது. சாதியை விட்டதற்கு அடையாளமாக, தாழ்த்தப்பட்டவர் சமைத்த உணவைச் சபை ஊழியர் உண்ண வேண்டும் என்று விதித்தது. லைப்சிக் லுத்தரன் மிஷனரிமார் இதற்கு உடன்படவில்லை. 'அன்பின் விருந்து' என்று அதற்குப் பெயர் வழங்கிற்று. தேர்வாகிப்போன விருந்தில் அன்பு எவ்வளவு இருந்திருக்கும் என்பது வேறு கேள்வி. விதித்தவர்கள் தம் தகுதியில் எதையும் இழக்கவில்லை. விதிக்கப்பட்டவர்களே இழக்குமாறு கேட்கப்பட்டனர். அந்த வற்புறுத்தலை நாம் இன்று புகழ்வதற்கில்லை.

எனினும் அதில் ஒரு கூர்மை இருந்தது. யாருடன் உட்கார்ந்து உண்கிறோம் என்று மட்டும் அது கேட்கவில்லை. யார் சமைத்தது என்று கேட்டது.

இன்று நம் சமபந்தியில் அக்கேள்வி அடியோடு மறைந்துவிட்டது. நகரத்து ஹோட்டலில் சொல்லிவைத்துப் பிரியாணிப் பொட்டலம் வருகிறது. வெள்ளைப் பெட்டியில் ஒரு முட்டை, ஒரு தயிர்ப் பச்சடி. யார் சமைத்தார் என்பது யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாதிருப்பதே அதன் பயன். எல்லாரும் ஒரே உணவை உண்கிறார்கள், ஆனால் எவரும் எவருடைய கையாலும் உண்பதில்லை. பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குச் சென்று உண்போரும் உண்டு. புகைப்படத்தில் இது நிறைவான சமபந்தியாகத் தோன்றும். சாதியைத் தொடாமலே சாதியொழிப்பு விருந்து நடத்த இதைவிடச் சிறந்த வழி கண்டுபிடிக்க முடியாது.

கொரிந்துச் சபையில் நிகழ்ந்ததும் இதனோடு ஒப்பிடத்தக்கது. உடையவர் முந்தி வந்து தம் உணவை உண்டு முடித்தனர். இல்லாதவர் பசியோடு நின்றனர். வேலை முடிந்து தாமதித்து வந்த அடிமைகளும் கூலியாட்களுமே பின்னவர் என்பர் உரையாசிரியர் பலர். அவர்கள் கூடிவந்து உண்பது கர்த்தருடைய இராப்போஜனமே அன்று என்று பவுல் மறுத்துவிட்டான் (1 கொரிந்தியர் 11). அங்கே சடங்கு முறைப்படி நடந்திருக்கலாம். அப்பமும் பாத்திரமும் இருந்தன. உணவின் ஒழுங்கு கெட்டதால் திருவிருந்தே இல்லாமற்போயிற்று என்பதே அவன் தீர்ப்பு. நாம் திருவிருந்தையும் சமபந்தியையும் இரண்டாகப் பிரித்து, முன்னதைப் பீடத்திற்கும் பின்னதைச் சமூக நலக் குழுவுக்கும் ஒதுக்கியிருக்கிறோம். பவுல் அப்படிப் பிரித்ததாகத் தெரியவில்லை.

அப்பாவு வலியுறுத்திய 'ஒரு உலை' என்னும் கருத்து இங்கேதான் தன் வலிமையைக் காட்டுகிறது. உலை என்பது பானையன்று. அரிசி இடுவதற்காகக் கொதிக்க வைத்த நீர். அதில் விழுந்த அரிசி எந்த வீட்டரிசி என்று பிரித்தெடுக்க முடியாது. எல்லா வீட்டிலிருந்தும் வந்தது ஒரே உலையில் வேக வேண்டும், ஒன்றாகப் பகிர்ந்து உண்ண வேண்டும் என்று அவர் போதித்தார். திருவிருந்தின் பொருளையும் அதிலேயே கண்டார். அழகான கருத்து என்று பாராட்டிவிட்டு அதனைப் பாட்டாகப் பாடுவதோடு நிறுத்திக்கொண்டவர்கள் நாம்.

நெல்லை, தூத்துக்குடிப் பகுதிச் சபைகளுக்கு இது புதிதும் அன்று. ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையில் அசனம் என்ற பெயரில் அங்கே பொது விருந்து வழங்கிவருகிறது. வீடுதோறும் அரிசியும் தேங்காயும் ஆடும் காணிக்கையாக வரும். பெரிய வட்டைகளில் ஊரே கூடிச் சமைக்கும். வடிவம் நம்மிடம் ஆயத்தமாகவே இருக்கிறது. ஆனால் பல சபைகள் ஒரே சாதியார் மட்டும் நிறைந்தவை. அங்கே அசனத்திற்குச் சோதனையே நேர்வதில்லை. இருவகை மக்களும் உள்ள சேகரங்களில், விறகு பிளப்பது யார், காய் நறுக்குவது யார், சோற்றில் கரண்டி வைப்பது யார் என்று ஒருவர் சமையற் பந்தலில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் போதும். சாதிக் கணக்கெடுப்பு வேண்டாம். விறகுக்கு எல்லாரும் வரலாம். கரண்டிக்கு எல்லாரும் வர முடியாது.

நாம் கூறுவதற்கு எதிராக ஒன்று சொல்லப்படும், அது எளிதில் தள்ளத்தக்கதன்று. சபைக்குள்ளே நியாயத்தை நாட்டிய பிறகுதான் அரசிடம் நியாயம் கேட்க வேண்டும் என்றால், எந்தக் காலத்திலும் கேட்க முடியாது. அது ஒடுக்கப்பட்டவரின் உரிமையை, ஒடுக்கினவர் மனந்திரும்பும் நாள்வரை ஒத்திவைப்பதாகும் என்பர். உண்மை. சூசைக்கு வேண்டியது பெட்டிக்கடை; மூப்பரின் மனமாற்றம் அன்று. ஆகவே ஊர்வலத்தை நிறுத்துங்கள் என்று நாம் கூறவில்லை. ஊர்வலம் கல்லறைச் சுவரண்டையில் நிற்க வேண்டும் என்கிறோம். அங்கே நின்று சபையின் பாவ அறிக்கையை, இன்னாருக்கு இன்னது செய்தோம் என்ற விவரத்தோடு, செய்தவரின் வழிவந்தோர் வாசித்த பின்னரே தாலுகா அலுவலகத்திற்குப் புறப்பட வேண்டும். வடக்கன்குளத்துக் கத்தோலிக்க ஆலயத்தில் சாதிப் பிரிவுக்காகக் கட்டியிருந்த சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. உயர்சாதியார் வழக்குத் தொடர்ந்தனர். ஆலயத்தில் சாதி அடிப்படையில் தனியுரிமை கோர முடியாது என்று சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே சபைக்குள் நடந்த செயலே முதலில் வந்தது. நீதிமன்றம் பின்னே வந்தது.

இறுதியாக நாம் கண்ட ஒரு சிறு முயற்சியைக் கூறி முடிப்போம். நமக்கு இளையவரான ஆயர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் தம் கிராமச் சேகரத்தில், நவம்பர் ஞாயிறன்று பொட்டலத்தை நிறுத்தினார். வீட்டுக்கு ஒரு படி அரிசி கேட்டார். காலனித் தெருவைச் சேர்ந்த நான்கு பெண்கள் சமையலுக்குப் பொறுப்பு என்று இரு ஞாயிறுகளுக்கு முன்பே ஆலயத்தில் பெயர் சொல்லி அறிவித்தார். திருவிருந்து முடிந்து மேலங்கியோடே பந்தலுக்கு வந்து முதல் வரிசையில் தரையில் உட்கார்ந்தார். அழைப்பின் பேரில் நாமும் சென்றிருந்தோம். அரிசி எல்லா வீட்டிலிருந்தும் வந்திருந்தது. மனிதர்கள் எல்லா வீட்டிலிருந்தும் வரவில்லை. ஒன்பது குடும்பங்களுக்கு அன்றைக்கென்று பார்த்து வெளியூரில் அவசர வேலை இருந்தது. கமிட்டியில் இருவர் இராஜினாமாக் கடிதம் கொடுத்தனர். சாம்பாரில் உப்புச் சற்றுக் கூடிவிட்டது. அதைப் பற்றியும் சிலர் பேசினர். மறு ஆண்டு அவ்வொன்பது குடும்பங்களில் மூன்று வந்து உட்கார்ந்தன என்று அவ்வாயர் நமக்கு எழுதினார். மற்ற ஆறும் அரிசி மட்டும் அனுப்பினவாம்.